கணக்கு பறிபோன அனுபவத்தை நம்பி சைபர் பாதுகாப்புத் துறைக்கு வரலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தும் ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கு பறிபோயிருக்கிறது. அவர் பெயரில் நண்பர்களிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். எப்படியோ கணக்கை மீட்டுவிட்டார். இனி சைபர் பாதுகாப்புதான் என் வேலை என்று அன்றே முடிவு செய்து படிக்கத் தொடங்கினார். சில மாதங்களில் வேகம் குறைந்துவிட்டது. "எனக்கு நடந்த ஒரு சம்பவத்தை வைத்துத் தொழிலையே தேர்ந்தெடுப்பது சரியா? நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் துறை என்று கேட்டால் இதைச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

தேர்ந்தெடுக்கலாம், சொல்லவும் செய்யலாம். இந்தத் துறையில் இருக்கும் பலரிடம் இப்படி ஏதோ ஒரு கதை இருக்கும். ஆனால் அந்தக் கதைக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, 'எனக்கா இப்படிச் செய்தான்' என்ற கோபம். இன்னொன்று, 'எப்படிச் செய்தான்' என்ற கேள்வி. கோபம் சீக்கிரம் ஆறிவிடும், ஆறத்தான் வேண்டும். உங்கள் வேகம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கோபத்தோடு வருபவர்கள் இது திருடனைப் பிடிக்கிற வேலை என்று நினைத்து வருகிறார்கள். உள்ளே வந்தால் முதல் வேலை பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில், நாங்கள் சாக் என்று சொல்லும் இடத்தில் கிடைக்கும். பல இடங்களில் ஷிஃப்ட் முறை. திரையில் அலர்ட் வந்துகொண்டே இருக்கும், அதில் பெரும்பகுதி ஒன்றுமில்லாதது. யாரோ விடுமுறைக்குப் போன ஊரிலிருந்து லாகின் செய்திருப்பார்; யாரோ ஒரு சர்வர் நிர்வாகி நள்ளிரவில் ஸ்கிரிப்ட் ஓட்டியிருப்பார். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஏன் மூடுகிறோம் என்று இரண்டு வரி எழுதி மூட வேண்டும். உண்மையான ஊடுருவல் ஒன்று அகப்பட்டாலும், செய்தவன் யாரென்று தெரியாமலே வேலை முடிந்துவிடுவதுதான் வழக்கம். எங்கே நுழைந்தான், எதைத் தொட்டான், இன்னும் உள்ளே இருக்கிறானா, அந்த வழியை எப்படி அடைப்பது என்பதோடு நம் பங்கு சரி. பழிவாங்க வந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். புதிர் பிடித்தவருக்கு ஓடும். அவருக்கும் அலுக்கும் நாட்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

பயத்தோடு வருபவர்களுக்கு வேறு சிக்கல். எல்லா அலர்ட்டும் அவர்களுக்குத் தீவிபத்தாகத் தெரியும். எதை இப்போதே பார்க்க வேண்டும், எது திங்கட்கிழமை வரை பொறுக்கும் என்று நிதானமாகப் பிரிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். உங்கள் சம்பவத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் இருந்தது, ஓடிபியும் இருந்தது. பிறகு எப்படிப் போனது?

ஒரு முறை உள்நுழைந்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்பதில்லை, கவனித்திருப்பீர்கள். நுழைந்தவுடன் சர்வர் உங்கள் பிரவுசரிடம் ஒரு செஷன் குக்கியைக் கொடுத்துவிடுகிறது. அடுத்து போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் அதைக் காட்டுகிறது. அந்தக் குக்கி யார் கையில் இருக்கிறதோ, சர்வரைப் பொறுத்தவரை அவர்தான் நீங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாசலில் நடக்கிற சோதனை. உள்ளே போனவர் கையில் கட்டிவிட்ட அனுமதிப் பட்டையை உருவிக்கொண்டவனை வாசல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

அது கைமாறும் வழிகள் சில உண்டு. கிராக் செய்த மென்பொருளோடு, விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் சீட் கோப்போடு ஒட்டிக்கொண்டு வரும் இன்ஃபோஸ்டீலர் என்ற, தகவல் திருடும் வகை மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்), பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் மொத்தமாக அள்ளி அனுப்பிவிடும். அள்ளியவனே பயன்படுத்துவான் என்றும் இல்லை. அப்படி அள்ளியதை வாங்கவும் விற்கவும் தனிச் சந்தை இருக்கிறது. இன்னொரு வழி, இடையில் நிற்கும் ஃபிஷிங் பக்கம். பழைய போலிப் பக்கங்கள் நீங்கள் தட்டுவதைச் சேமித்துவைக்கும், அவ்வளவுதான். இந்த வகைப் பக்கம் நீங்கள் தட்டுவதை அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கடத்துகிறது. ஓடிபி கேட்டால் உங்களிடம் கேட்கிறது, நீங்கள் கொடுத்ததை அங்கே கொடுக்கிறது, திரும்பி வரும் குக்கியில் ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு எல்லாம் வழக்கம்போல நடந்ததாகவே தோன்றும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் ஃபோனோ கணினியோ காட்டும் பாஸ்கீ, யுஎஸ்பி போலச் செருகும் வன்பொருள் பாதுகாப்புச் சாவி ஆகியவை இங்கேதான் உதவுகின்றன. அவை போடும் கையொப்பம் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், நீங்கள் ஏமாந்தால்கூட சாவி ஏமாறாது.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. 'இந்தச் செயலி உங்கள் மின்னஞ்சலைப் படிக்க அனுமதிக்கிறீர்களா' என்று ஒரு பெட்டி வரும், அவசரத்தில் சரி என்று தட்டியிருப்போம். அதன்பின் அந்தச் செயலிக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றினால் அந்த அனுமதி தானாகப் போய்விடும் என்று நம்பவும் முடியாது. தனியாகப் போய் ரத்து செய்ய வேண்டும். இவை போக, உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மாற்று மோசடி, என்றோ கைவிட்ட பழைய மீட்பு மின்னஞ்சல் என்று பட்டியல் நீளும்.

ஒவ்வொன்றும் வேறு வேறு தடத்தை விடும். லாகின் வரலாற்றில் புதிய சாதனம் ஒன்று முறையாக ஓடிபி கொடுத்து நுழைந்ததாக இருந்தால், இடையில் நின்ற பக்கத்தைச் சந்தேகிக்கலாம். புதிய லாகின் எதுவுமே இல்லாமல் பழைய செஷன் திடீரென்று வேறொரு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பின் எண்) பேசியிருந்தால், குக்கி திருட்டைச் சந்தேகிக்கலாம். அன்று ஃபோனில் காரணமில்லாமல் சிக்னல் போனது நினைவிருந்தால், சிம் மாற்று மோசடியாக இருக்கலாம்.

மேலே உள்ள பத்திகளைப் படித்தபோது 'என்னுடையது இதில் எது' என்று மனம் தேடத் தொடங்கியதா? ஆமென்றால் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. மீதியைக் கட்டி எழுப்பிவிடலாம். 'அதெல்லாம் இருக்கட்டும், எந்தச் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்கும், அதைச் சொல்லுங்கள்' என்று தோன்றியிருந்தால் அதுவும் தப்பில்லை. சம்பளத்துக்காக வந்து நன்றாக வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அப்போது உங்களைத் தள்ளுவது அந்தச் சம்பவம்தான் என்று உங்களையே நம்பவைத்துக்கொள்ளத் தேவையில்லை.

பெரிய அடி பட்டவர்கள்தான் இதில் நிலைப்பார்கள் என்பதும் இல்லை. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளர், ஆய்வு நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. யாரும் விட்டுவிடக்கூடிய தொகை, அவர் விடவில்லை. நோண்டிப் பார்த்தால், யாரோ ஓர் அந்நியர் அந்த ஆய்வகத்தின் வழியாக ராணுவக் கணினிகளைத் துழாவிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார் ஸ்டோல். வந்தவரை இணைப்பிலேயே நீண்ட நேரம் பிடித்துவைக்க, ராணுவ ரகசியம் போலத் தோன்றும் பொய் ஆவணங்களை எழுதி வைத்தார். கடைசியில் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் நின்றது. எடுத்த தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விலைபோயிருந்தன.

அண்மையில் நடந்தது வேண்டுமென்றால், 2024 மார்ச். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். பாதுகாப்பு அவருடைய வேலை இல்லை. தன் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி போலக் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரை விநாடி! தோண்டியதில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைத்திருப்பது தெரிந்தது. வைத்தவர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்கான பங்களிப்பாளராக நடந்துகொண்டு, அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்புவரை வந்தவர். பெரிய லினக்ஸ் விநியோகங்களின் நிலையான பதிப்புகளுக்குள் போவதற்குள் பிடிபட்டது.

இவர்கள் இருவருக்கும் யாரும் தனிப்பட்ட தீங்கு எதுவும் செய்யவில்லை. ஏதோ கணக்கு ஒத்துவரவில்லை, விட மனமில்லை. உங்களிடமும் அந்த விட மனமில்லாமைதான் வேண்டியது. அதைத் தொடங்கிவைத்தது சம்பவமா, 75 சென்ட்டா என்பது இரண்டாம்பட்சம்.

அடிபட்டவரின் கதை ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுடையதற்கு நெருக்கமானது. 2012 ஆகஸ்ட்டில் மேட் ஹோனன் என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளரின் ஃபோன், டேப்லட், லேப்டாப் மூன்றும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. மகளின் குழந்தைப் பருவப் படங்களும் அதில் இருந்தன. ஊடுருவியவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர்தானாம். அவர்கள் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. அமேசானின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பேச்சு சாமர்த்தியத்தில் அவர் கணக்குக்குள் போனார்கள். அங்கே கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கம் திரையில் தெரியும். அதே நான்கு இலக்கத்தைத்தான் ஆப்பிளின் சேவை மையம் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஜிமெயில், ஜிமெயிலிலிருந்து ட்விட்டர். ஓரிடத்தில் ரகசியமே இல்லை என்று காட்டப்பட்டது இன்னோரிடத்தில் சாவியாகிவிட்டது. ஹோனன் செய்தது என்னவென்றால், இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கண்டுபிடித்து, தான் காப்புப் பிரதி வைக்காததையும் சேர்த்து, வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு இரு நிறுவனங்களும் தொலைபேசி வழி நடைமுறையை மாற்றின. அவர் பாதுகாப்புப் பொறியாளர் ஆகிவிடவில்லை, பத்திரிகையாளராகவே தொடர்ந்தார். அனுபவம் கண்டிப்பாகத் தொழிலாக மாறியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, பாருங்கள்.

மாறும் என்றால், அது எந்த வேலையாக மாறும் என்பதையும் அதே சம்பவம் காட்டிக்கொடுக்கும். லாகின் வரலாற்றில் நேரத்தையும் ஐபியையும் ஒப்பிட்டு என்ன நடந்தது என்று கோப்பதுதான் பிடித்திருந்ததா? ஊடுருவல் விசாரணை, டிஜிட்டல் தடயவியல் பக்கம் போங்கள். அந்தக் கோப்பு குக்கியை எப்படித் திருடியது, ஆன்டிவைரஸ் ஏன் பார்க்கவில்லை என்று குடைகிறதா? மால்வேர் பகுப்பாய்வு; ஆனால் இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி நிரலைப் படிக்கப் பொறுமை வேண்டும், வெகுநாள் பிடிக்கும். 'இந்தத் தளம் ஏன் புதிய நாட்டிலிருந்து வந்த செஷனை அப்படியே ஏற்றுக்கொண்டது' என்று தளத்தின் மீது எரிச்சல் வந்தால் செயலிப் பாதுகாப்பு அல்லது அடையாள மேலாண்மை. 'இப்படி நடக்கும் என்று யாருமே முன்கூட்டி யோசிக்கவில்லையா' என்று கேட்கத் தோன்றினால் இடர் மதிப்பீடு, தணிக்கை, கொள்கை வகுத்தல். கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கிறார்கள். நிரல் எழுதப் பிடிக்காத, ஆனால் தெளிவாக எழுதத் தெரிந்த ஒருவருக்கு அது அருமையான வழி.

ஊடுருவிச் சோதிக்கும் பென்டெஸ்டிங் ஒன்றுதான் சைபர் பாதுகாப்பு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லோரும் அந்த ஒரே வாசலில் நிற்பதால்தான் அங்கே அவ்வளவு நெரிசல். அங்கேயும் வேலையில் பெரும்பங்கு அறிக்கை எழுதுவதுதான்.

நான் வந்த வழி இதையெல்லாம்விடச் சாதாரணம். ஒரு நிறுவனத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருந்தேன். கணக்குப் பிரிவில் ஒருவர், குறிப்பிட்ட ஒரு சப்ளையரின் மெயில் மட்டும் தனக்கு வருவதில்லை என்றார். சர்வரில் பார்த்தால் மெயில் வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய பெட்டியில் விதிகளைத் திறந்தேன். ஒற்றைப் புள்ளியைப் பெயராக வைத்து ஒரு விதி இருந்தது. இன்வாய்ஸ் என்ற சொல் உள்ள மெயில்களைப் படித்ததாகக் குறித்து, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற, யாரும் எட்டிப் பார்க்காத ஃபோல்டருக்குத் தள்ளும்படி எழுதியிருந்தார்கள். உள்ளே வந்தவன் அங்கே உட்கார்ந்து உரையாடலைப் படித்துக்கொண்டு, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பச் சரியான நேரம் பார்த்திருக்கிறான். மால்வேர் கிடையாது, ஆன்டிவைரஸ் வாய்திறக்க எதுவுமே இல்லை. எல்லோருக்கும் கொடுத்திருக்கும் ஒரு சின்ன வசதியை வைத்தே இவ்வளவும். பணம் போவதற்குள் தெரிந்துவிட்டது என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மையைச் சொன்னால் வியப்புதான். அன்று மாலை வேறு யார் பெட்டியிலெல்லாம் இப்படி விதி இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன், யாரும் கேட்காமலே. அப்புறம் அந்தப் பக்கமே வந்துவிட்டேன்.

அந்தக் கணக்குப் பிரிவுக்காரர் அதற்கு முன்பே சந்தேகமான ஒரு இணைப்பைத் தட்டியிருந்தார். திட்டுவார்களோ என்று சொல்லாமல் இருந்துவிட்டார். இது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம். ஏமாந்தவருக்கு முதலில் வருவது வெட்கம். அந்த வெட்கத்தால் தகவல் தாமதமாகிறது, தாமதமாகும் நேரமெல்லாம் உள்ளே இருப்பவனுக்கு லாபம். 'இதைக்கூடவா தட்டுவார்கள்' என்று சிரிக்கிற பாதுகாப்புக் குழுவிடம் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. நண்பர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து 'அது நான் இல்லை' என்று சொல்லிய சங்கடம் உங்களுக்குத் தெரியும். விசாரணையில் ஒருவரைப் பேசவைக்க, எந்தக் கருவியும் தராத உதவியை அது தரும்.

நேர்முகத் தேர்வுக்கு வருவோம். சம்பவத்தைச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வாக்கியத்தில். அதற்கு மேல் போனால் அனுதாபக் கதையாகிவிடும். எதிரே இருப்பவர் அதுபோல நிறையக் கேட்டிருப்பார். அவர் காத்திருப்பது அடுத்த வாக்கியத்துக்கு. "இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் என் கணக்கு போனது. லாகின் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன்; புதிய லாகின் இல்லை, பழைய செஷன்தான் வேறு முகவரியிலிருந்து வந்திருந்தது. அதனால் குக்கி திருட்டு என்று நினைத்தேன். மெய்நிகர் கணினியில் நானே ஒரு சோதனைத் தளம் எழுதி, அதன் குக்கியை இன்னொரு பிரவுசருக்கு மாற்றிப் பார்த்தேன்; கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது. பிறகு செஷனை சாதனத்தோடு பிணைத்தால் என்னாகிறது என்று பார்த்தேன்." இப்படிச் சொன்னால், நான் கேட்பவராக இருந்தால், அடுத்த கால்மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசுவேன். உங்கள் முடிவு தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்ட முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

படிப்பையும் இதே நூலில் கோத்துக்கொண்டால் வேகம் குறையாது. முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படிக்க முயன்றதால்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். குக்கி என்றால் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபி தெரிய வேண்டும். ஐபி முகவரி என்றால் நெட்வொர்க் அடிப்படை. லாக், அதாவது கணினி எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு, என்றால் லினக்ஸ் கட்டளைகள். தேவை வரும்போது படித்தது நிற்கும். இணையப் பாதுகாப்புக்குப் போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம். லினக்ஸ் கை பழக ஓவர்தவயரின் பேண்டிட், போட்டிப் புதிர்களுக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப், இரண்டும் இலவசம்தான். சான்றிதழ் என்றால் தொடக்கத்துக்கு காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் போதும். மூத்தவர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்து ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள், அதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

உங்களை ஏமாற்றியவனைத் தேடிப்போய்த் திருப்பி அடிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அவன் பயன்படுத்திய சர்வர் பெரும்பாலும் இன்னொரு அப்பாவியுடையதாக இருக்கும், அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது பல நாடுகளில் குற்றம். இப்படி எல்லை மீறியதைப் பிறகு செய்யும் நல்ல காரியம் அழித்துவிடாது என்பதற்கு மார்க்கஸ் ஹட்சின்ஸ் கதை இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர் பரவியபோது, அதன் நிரலுக்குள் இருந்த ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து பரவலை நிறுத்தியவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், அதற்குச் சில ஆண்டு முன்பு வங்கி மால்வேர் எழுதியதற்காக அமெரிக்காவில் கைதானார். 2019-ல் நீதிபதி அவரை மேற்கொண்டு சிறைக்கு அனுப்பவில்லை என்றாலும், வழக்கு அதுவரை இழுத்தது. உங்கள் சொந்தக் கணக்கு, சொந்தக் கணினி, எழுத்தில் அனுமதி தந்த அமைப்பு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் ஒரே ஒரு வேலைக்குத்தான் அவசரம். பல சேவைகள் லாகின் வரலாற்றைக் குறிப்பிட்ட காலம் வரைதான் காட்டும். உங்களுக்கு நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. கிடைக்கும் செஷன் பட்டியல், மீட்பு மின்னஞ்சல் மாற்றப்பட்டதாக வந்த அறிவிப்பு, செயலி அனுமதிகள், அஞ்சல் பெட்டியின் விதிகள், நண்பர்களுக்குப் போன செய்திகளின் நேரம், எல்லாவற்றையும் இந்த வாரமே ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ தரவிறக்கியோ வைத்துவிடுங்கள். நேர வரிசையில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள், தெரியாத இடங்களைத் தெரியாது என்றே குறித்து. நேரங்களை எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள், இல்லையென்றால் நிகழ்வுகள் முன்பின்னாகத் தெரியும்.